முற்றும் எச்சமும்: ஆங்கில நிறைவுக்காலத்தைத் தமிழ்வழி அறிதல்

நுழையும்முன்

தாய்மொழியின் இலக்கணத்தைத் தெளிவாக அறிந்தவருக்கு வேற்றுமொழியின் இலக்கணம் முற்றிலும் அயலாகத் தோன்றுவதில்லை. முற்று, எச்சம், துணைவினை, இடைநிலை, விகுதி ஆகியவற்றைத் தமிழில் கற்றிருக்கிறோம். இவ்வறிவு ஆங்கிலத் தொடர்களில் நேரும் பிழைகளைக் களையவும் உதவும். ஆங்கில நிறைவுக்காலத் தொடர்களில் வினையின் மூன்றாம் வடிவம் ஏன் வருகிறது, எங்கே வருகிறது, அதனைப் பிழையின்றி ஆள்வது எவ்வாறு என்பவற்றைத் தமிழோடு ஒப்பிட்டு விளக்குகிறது இப்பாடம்.

ஒரு கடிதமும் இரு பிழைகளும்

மேல்நிலை வகுப்பில் பயிலும் மாணவி ஒருவர் கல்வி உதவித்தொகை வேண்டி ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறார் எனக் கொள்வோம். அவருடைய தந்தை இருபது ஆண்டுகள் நூற்பாலை ஒன்றில் வேலை செய்தவர். சென்ற ஆண்டு அந்த ஆலை மூடப்பட்டது. அதன்பின் அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. இதனை எடுத்துரைக்க விரும்பிய மாணவி, கடிதத்தில் பின்வரும் இரு தொடர்களை எழுதுகிறார்.

1. 'ஐ ஹேவ் ரோட் டு யூ ட்வைஸ்.'
2. 'மை ஃபாதர் ஹேஸ் வொர்க்ட் இன் அ மில் ஃபார் டுவென்டி இயர்ஸ்.'

'உங்களுக்கு இருமுறை எழுதியிருக்கிறேன்' என்பதே முதல் தொடரால் அவர் சொல்ல விரும்பியது. 'ஹேவ்' என்பதன்பின் 'ரிட்டன்' என வரவேண்டிய இடத்தில் 'ரோட்' என எழுதிவிட்டார். இது வடிவப் பிழை. படிப்பவர் பொருளைப் புரிந்துகொள்வார். ஆனால், எழுதியவரின் மொழியறிவைக் குறைவாக மதிப்பிடக்கூடும்.

இரண்டாம் தொடரில் வடிவப் பிழை எதுவும் இல்லை. 'ஹேஸ்' என்பதன்பின் 'வொர்க்ட்' என்னும் மூன்றாம் வடிவம் சரியாகவே வந்துள்ளது. எனினும், அத்தொடர் தரும் பொருள் வேறு. 'என் தந்தை இருபது ஆண்டுகளாக ஆலையில் வேலை செய்துவருகிறார்' என்றே ஆங்கிலம் அறிந்தவர் அதனைப் புரிந்துகொள்வார். வேலையிழந்த தந்தை, கடிதத்தில் வேலையில் இருப்பவராகிவிடுகிறார். உதவி வேண்டுவதற்கான காரணமே அங்கு மறைந்துபோகிறது.

முதல் பிழை கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. ஆனால், கூடுதலான இழப்பைத் தருவது இரண்டாவதே. ஆகவே, மூன்றாம் வடிவத்தை மனப்பாடம் செய்வதோடு கற்றல் முடிந்துவிடுவதில்லை. அது எந்தப் பொருளில் வருகிறது என்பதையும் உணரவேண்டும். முதலில் வடிவத்தையும் பின்னர்ப் பொருளையும் காண்போம்.

தமிழில் நிறைவுக்காலம்

காலம் மூன்று எனத் தொல்காப்பியமும் நன்னூலும் கூறுகின்றன. வந்தாள், வருகிறாள், வருவாள் என்பன முறையே இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் காட்டும் வினைமுற்றுகள். இவற்றோடு, முன்பு நிகழ்ந்த செயலின் விளைவு பின்னொரு காலத்திலும் நிலைத்திருப்பதைக் காட்ட வேறொரு வினையமைப்பும் தமிழில் உண்டு.

வந்திருக்கிறாள்
வந்திருந்தாள்
வந்திருப்பாள்

வந்திருக்கிறாள் என்பதனை வந்து + இருக்கிறாள் எனப் பிரிக்கலாம். 'வந்து' என்பது செய்து எனும் வாய்பாட்டு வினையெச்சம். இதில் 'வா' பகுதி, 'வ' எனக் குறுகியது விகாரம், 'த்' சந்தி, 'ந்' ஆனது விகாரம், அடுத்துள்ள 'த்' இறந்தகால இடைநிலை, 'உ' வினையெச்ச விகுதி. 'இருக்கிறாள்' என்பது 'இரு' என்னும் துணைவினையின் முற்று.

மேற்கண்ட மூன்று சொற்களையும் உற்றுநோக்குக. 'வந்து' என்னும் எச்சம் மூன்றிலும் மாறவில்லை. காலத்திற்கேற்ப மாறியது துணைவினை மட்டுமே. வந்திருக்கிறேன், வந்திருக்கிறாய், வந்திருக்கிறார்கள் எனத் திணை, பால், எண், இடத்திற்கேற்ப மாறுவதும் துணைவினையே. அதாவது, முதன்மைவினை எச்சமாக நின்று செயலைச் சொல்கிறது. துணைவினை முற்றாக நின்று காலத்தையும் எழுவாயோடு இயைபையும் காட்டுகிறது.

ஆங்கிலத்தில் நிறைவுக்காலம்

ஆங்கிலத்திலும் இதே வேலைப்பகிர்வைக் காணலாம்.

'ஷி ஹேஸ் கம்' – வந்திருக்கிறாள்
'ஷி ஹேட் கம்' – வந்திருந்தாள்
'ஷி வில் ஹேவ் கம்' – வந்திருப்பாள்

இங்கே 'கம்' என்னும் சொல் மூன்று தொடர்களிலும் மாறாமல் நிற்கிறது. 'ஹேஸ்', 'ஹேட்', 'வில் ஹேவ்' என மாறுவது துணைவினை. 'ஐ, யூ, வீ, தே' ஆகியவற்றோடு 'ஹேவ்' என்றும் 'ஹி, ஷி, இட்' ஆகியவற்றோடு 'ஹேஸ்' என்றும் எழுவாய்க்கேற்ப இயைவதும் அதுவே. மாறாமல் நிற்கும் முதன்மைவினையையே ஆங்கில வகுப்பில் 'பாஸ்ட் பார்ட்டிசிபிள்' என்றும் வினையின் மூன்றாம் வடிவம் என்றும் குறிப்பிடுகின்றனர். இப்பாடத்தில் அதனை எச்சவடிவம் என வழங்குவோம். 'ஹேவ்' என்னும் துணைவினையோடு எச்சவடிவம் சேர்ந்து வரும் அமைப்பை நிறைவுக்காலம் என வழங்குவோம்.

துணைவினை வரும் இடத்தில் மட்டுமே இருமொழிகளும் வேறுபடுகின்றன. தமிழில் எச்சத்தின் பின்னும் ஆங்கிலத்தில் எச்சத்தின் முன்னும் துணைவினை வருகிறது.

தெரிந்து தெளிவோம்

'ஹேவ்' என்பதற்கு 'உடைமையாகக் கொண்டிரு' என்பது பொருள். 'எழுதப்பட்ட நிலையில் கடிதத்தைக் கொண்டிருக்கிறேன்' என்பதுபோன்ற பழைய ஆங்கிலத் தொடரமைப்பிலிருந்தே 'கடிதத்தை எழுதியிருக்கிறேன்' என்னும் நிறைவுக்காலம் வளர்ந்தது. வருதல், போதல் முதலிய வினைகளுக்கு ஒருகாலத்தில் 'ஹேவ்' என்பதற்கு மாறாக, 'இரு' என்னும் பொருளுடைய 'பி' வினை துணையாக வந்தது. 'ஹி இஸ் கம்' என்பது அக்கால வழக்கு. 1611ஆம் ஆண்டு வெளியான ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் இவ்வழக்கைக் காணலாம். செருமானியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் இவ்வகை வினைகளுக்கு 'இரு' என்னும் பொருளுடைய வினையே இன்றும் துணையாக வருகிறது. தமிழின் 'வந்திருக்கிறான்' என்பதோடு இதனை ஒப்பிட்டு உணர்க.

'ஹேவ் வென்ட்' ஏன் பிழையாகிறது?

'ஐ ஹேவ் வென்ட்', 'ஷி ஹேஸ் ஏட்', 'வீ ஹேவ் ஸா' என்பன மாணவர் எழுத்தில் அடிக்கடி காணப்படும் பிழைகள். 'வென்ட்', 'ஏட்', 'ஸா' ஆகியன ஆங்கில வினையின் இரண்டாம் வடிவங்கள். இவை இறந்தகால முற்றுகள். தாமே தொடரை முடிக்கவல்லவை. 'ஐ வென்ட்' என்றால் 'போனேன்'. அங்கே வேறு துணைவினைக்கு வேலையில்லை.

'ஐ ஹேவ் வென்ட்' என எழுதுவதைத் தமிழில் அப்படியே அமைத்தால் 'போனேன் இருக்கிறேன்' என்றாகும். இவ்வாறு தமிழர் எவரும் பேசுவதில்லை. பள்ளிக்குச் செல்லாத குழந்தையும் 'போயிருக்கிறேன்' என்றே சொல்லும். துணைவினையின் முன் முற்று நில்லாது, எச்சமே நிற்கும் என்னும் விதி நம் பேச்சில் இயல்பாகவே படிந்துள்ளது. நாம் செய்யவேண்டியது, அந்த விதியை ஆங்கிலத்திலும் நினைவில் கொள்வதே.

தமிழிலும் எல்லா வினைகளின் முற்றும் எச்சமும் ஒரே சாயலில் அமைவதில்லை. பின்வருவனவற்றைக் காண்க.

வந்தான் – வந்து
படித்தான் – படித்து
சொன்னான் – சொல்லி
போனான் – போய்

முதல் இரண்டில் முற்றும் எச்சமும் ஒரே அடியைக் கொண்டுள்ளன. பின்னிரண்டில் அவை வேறுபடுகின்றன. 'சொன்னிருக்கிறான்' என்றோ 'போனிருக்கிறான்' என்றோ சொல்வதில்லை. 'சொல்லியிருக்கிறான்', 'போயிருக்கிறான்' என்றே சொல்கிறோம். 'வென்ட்', 'கான்' ஆகியவற்றிடையே உள்ள வேறுபாடு 'போனான்', 'போய்' ஆகியவற்றிடையே உள்ள வேறுபாட்டைப் போன்றது. தமிழில் இதனைக் கேட்டும் பேசியும் பழகினோம். ஆங்கிலத்தில் படித்தும் எழுதியும் பழகவேண்டும்.

எச்சவடிவ வகைகள்

ஆங்கில வினைகளுள் பெரும்பாலானவை ஒழுங்குவினைகள். 'வொர்க் – வொர்க்ட் – வொர்க்ட்', 'ப்ளே – ப்ளேய்ட் – ப்ளேய்ட்', 'வான்ட் – வான்டட் – வான்டட்' என இவற்றின் இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாகவே இருக்கும். எழுத்தில் 'இ, டி' என்னும் இரு எழுத்துகள் இறுதியில் சேரும். ஒழுங்கற்ற வினைகளை நான்கு வகையாகப் பகுத்துக்கொண்டால் நினைவில் கொள்வது எளிது.

வகை 1: மூன்று வடிவங்களும் ஒன்றாக இருப்பவை
கட் – கட் – கட் (வெட்டு)
புட் – புட் – புட் (வை)
ஷட் – ஷட் – ஷட் (மூடு)

வகை 2: இரண்டும் மூன்றும் ஒன்றாக இருப்பவை
ப்ரிங் – ப்ராட் – ப்ராட் (கொண்டுவா)
டீச் – டாட் – டாட் (கற்பி)
ஃபைண்ட் – ஃபவுண்ட் – ஃபவுண்ட் (கண்டுபிடி)
லூஸ் – லாஸ்ட் – லாஸ்ட் (இழ)
ரீட் – ரெட் – ரெட் (படி)

இவற்றுள் இறுதியாக உள்ள வினை மூன்று வடிவங்களிலும் ஒரே எழுத்துகளால் எழுதப்படும். ஒலிப்பில் மட்டுமே வேறுபடும்.

வகை 3: ஒன்றும் மூன்றும் ஒன்றாக இருப்பவை
கம் – கேம் – கம் (வா)
பிகம் – பிகேம் – பிகம் (ஆகு)
ரன் – ரேன் – ரன் (ஓடு)

இவ்வகையில் கவனம் தேவை. நடந்து முடிந்த செயலைச் சொல்லும் தொடரில் 'கம்' என்பது நிகழ்காலம்போலத் தோன்றுவதால் அதனைப் பிழையெனக் கருதி, 'ஹேஸ் கேம்' எனத் 'திருத்தி'விடுவோர் உளர். 'ஹேஸ் கம்' என்பதே சரி.

வகை 4: மூன்றும் வேறுவேறாக இருப்பவை
கோ – வென்ட் – கான் (போ)
ஸீ – ஸா – ஸீன் (பார்)
டூ – டிட் – டன் (செய்)
ரைட் – ரோட் – ரிட்டன் (எழுது)
டேக் – டுக் – டேக்கன் (எடு)
ஈட் – ஏட் – ஈட்டன் (உண்)
பிகின் – பிகேன் – பிகன் (தொடங்கு)
ட்ரிங்க் – ட்ராங்க் – ட்ரங்க் (குடி)

வடிவப் பிழைகள் மிகுதியாக நேர்வது நான்காம் வகையிலேயே. ஆகவே, கற்கும் காலத்தை இவ்வகைக்கே கூடுதலாகச் செலவிடுதல் நன்று. வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்வதைக் காட்டிலும் ஒவ்வோர் எச்சவடிவத்தையும் 'ஹேவ்' என்பதோடு சேர்த்துத் தொடராகப் பயில்வது பயன்தரும். 'கான்' எனத் தனியே சொல்வதற்கு மாறாக 'ஹி ஹேஸ் கான்' எனச் சொல்லிப் பழகினால் நாவே சரியான வடிவத்தைத் தேர்ந்துகொள்ளும்.

தெரிந்து தெளிவோம்

'கோ' என்னும் வினைக்கு 'வென்ட்' எவ்வாறு இறந்தகாலம் ஆயிற்று? 'வென்ட்' என்பது, செல்லுதல், திரும்புதல் ஆகிய பொருள்களை உடைய 'வெண்ட்' என்னும் வேறொரு வினையின் இறந்தகால வடிவம். 'ஸெண்ட்' என்பது 'ஸென்ட்' ஆவதைப் போல 'வெண்ட்' என்பது 'வென்ட்' ஆயிற்று. காலப்போக்கில் இவ்வடிவம் 'கோ' என்னும் வினையின் இறந்தகாலமாக நிலைபெற்றது. 'கான்' மட்டும் 'கோ' என்பதன் சொந்த எச்சவடிவமாகத் தொடர்ந்தது.

இறுதி மெய்யை விழுங்குதல்

எழுத்தில் சரியாக எழுதும் மாணவரும் பேச்சில் 'ஐ ஹேவ் ஃபினிஷ்', 'ஷி ஹேஸ் வாக்' எனச் சொல்வதுண்டு. இறுதியில் வரவேண்டிய 'ட்' ஒலி மறைந்துவிடுகிறது. இதற்கான காரணங்களுள் ஒன்றைத் தமிழ் எழுத்திலக்கணம் விளக்கும். மொழி இறுதி எழுத்துகளைப் பற்றிக் கற்றபோது, க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்கள் ஆறும் தமிழ்ச்சொற்களின் இறுதியில் வாரா என அறிந்தோம். மெய்யில் முடியும் வல்லின ஒலியைத் தமிழ் நாவு உகர ஒலி சேர்த்து ஒலிக்கும், அல்லது விட்டுவிடும். இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்து முடியும் 'ஃபினிஷ்ட்', 'வாக்ட்' போன்ற சொற்களில் இவ்விடர்ப்பாடு மேலும் கூடுகிறது.

இது அறியாமையால் நேர்வதன்று, ஒலிப்பழக்கத்தால் நேர்வது. அடுத்து வரும் சொல் உயிரொலியில் தொடங்கினால், இறுதி மெய்யை அதனோடு சேர்த்து ஒலித்துப் பழகலாம். 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட் இட்' என்பதனை 'ஃபினிஷ்டிட்' என ஒரே மூச்சில் சொல்லிப்பார்க்க. மெய்யின்மேல் உயிர் வந்து ஒன்றும் தமிழ்ப் புணர்ச்சி இங்கு நமக்குத் துணையாகிறது.

காலம் ஒருமுறையே

வினாத்தொடரிலும் எதிர்மறைத் தொடரிலும் மற்றொரு குழப்பம் நேர்கிறது. 'டிட்' வரும் தொடரில் முதன்மைவினை முதல் வடிவத்தில் வரும்; 'ஹேவ்' வரும் தொடரில் மூன்றாம் வடிவத்தில் வரும்.

'டிட் ஹி கோ?' – அவன் போனானா?
'ஹேஸ் ஹி கான்?' – அவன் போயிருக்கிறானா?
'ஹி டிட் நாட் கம்' – அவன் வரவில்லை
'ஹி ஹேஸ் நாட் கம் எட்' – அவன் இன்னும் வரவில்லை

இவ்விரு வகைத் தொடர்களிலும் 'வென்ட்', 'கேம்' போன்ற இரண்டாம் வடிவத்திற்கு இடமில்லை. காலத்தைக் காட்டும் பொறுப்பைத் துணைவினை ஏற்றுக்கொண்டபின் முதன்மைவினை அதனை மீண்டும் ஏற்பதில்லை. இவ்வொரு கருத்தைப் பற்றிக்கொண்டால் 'டிட் வென்ட்', 'ஹேஸ் வென்ட்' ஆகிய இரண்டு பிழைகளும் ஒருங்கே நீங்கும்.

'வந்திருக்க வேண்டும்', 'வந்திருக்கலாம்' போன்றவற்றிற்கும் இதுவே நெறி. 'ஷுட் ஹேவ் கம்', 'மே ஹேவ் கம்' என அமையும். 'ஷுட்', 'மே' போன்றவற்றின்பின் எழுவாய் எதுவாயினும் 'ஹேவ்' என்றே வரும், 'ஹேஸ்' வாராது.

இருமொழியும் வேறுபடும் இடங்கள்

இதுவரை தமிழ் நமக்குத் துணையாக நின்றது. இனி, தமிழை அப்படியே பின்பற்றினால் ஆங்கிலத்தில் பிழை நேரும் இடங்களைக் காண்போம்.

முதலாவது, முடிந்த காலத்தைச் சுட்டும் சொற்கள். நிறைவு நிகழ்காலத்தில் அமைந்த ஆங்கிலத் தொடரில் 'நேற்று', 'சென்ற ஆண்டு', '2019இல்' போன்ற காலச்சொற்கள் இயல்பாக வாரா. தமிழில் இத்தடை இல்லை. காலையில் எழுந்து, நனைந்த தெருவைக் காணும் ஒருவர், 'நேற்று இரவு மழை பெய்திருக்கிறது' என்கிறார். அவர் மழையைக் காணவில்லை. அடையாளத்தைக் கண்டு உய்த்துணர்கிறார். தமிழின் 'இரு' என்னும் துணைவினைக்கு இவ்வுய்த்துணர்வுப் பொருளும் உண்டு. இதனை 'இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என மொழிபெயர்த்தால் பிழையாகும். 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்பதே பொருத்தம். நேரில் கண்ட செய்தியாயின் 'இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என இறந்தகால முற்றால் சொல்லவேண்டும்.

இரண்டாவது, தொடங்கி இன்றுவரை நீளும் செயல். 'பத்து ஆண்டுகளாக இங்கே வாழ்கிறோம்' எனத் தமிழில் நிகழ்கால முற்றால் கூறுகிறோம். ஆங்கிலத்தில் 'வீ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என நிறைவு நிகழ்காலம் வேண்டும். இங்கே 'ஃபார்', 'ஸின்ஸ்' ஆகியவற்றை மாற்றி ஆள்வதும் பரவலான பிழை. 'பத்து ஆண்டுகளாக' எனக் கால அளவைச் சொல்லும் 'ஆக' வருமிடத்தில் 'ஃபார்' இடுக. '2015 முதல்' எனத் தொடக்கப் புள்ளியைச் சொல்லும் 'முதல்' வருமிடத்தில் 'ஸின்ஸ்' இடுக.

மூன்றாவது, போயிருத்தல். 'அக்கா மதுரைக்குப் போயிருக்கிறார்' என்னும் தொடர், அவர் இப்போது வீட்டில் இல்லை என்பதையும் உணர்த்தும். முன்னொருமுறை மதுரைக்குச் சென்றுவந்த பட்டறிவு அவருக்கு உண்டு என்பதையும் உணர்த்தும். இடமறிந்து பொருள்கொள்கிறோம். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரிக்கிறது. போனவர் இன்னும் திரும்பவில்லையெனில் 'ஹேஸ் கான் டு'; சென்று திரும்பியவரெனில் 'ஹேஸ் பீன் டு'. வீட்டு வாயிலில் நின்று, 'அக்கா இருக்கிறாரா?' என்று வினவுபவருக்கு 'பீன்' என விடையளித்தால் அவர் குழம்பிவிடுவார்.

நான்காவது, 'விடு' என்னும் துணைவினை. 'சாப்பிட்டுவிட்டேன்', 'முடித்துவிட்டேன்' எனச் செயல் முற்றுப்பெற்றதை 'விடு' காட்டும். 'சாப்பிட்டீர்களா?' என்னும் வினாவிற்கு 'சாப்பிட்டேன்' என முற்றால் விடையளித்தாலும் தமிழில் அதே பொருள் கிட்டும். இவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது, செயலின் விளைவு இப்போது முதன்மை பெறுகிறதா என நோக்குக. 'இப்போது பசியில்லை' என்பதே கருத்தாயின் 'ஐ ஹேவ் ஈட்டன்' எனலாம். 'ஒருமணிக்குச் சாப்பிட்டேன்' எனக் காலம் சுட்டினால் 'ஐ ஏட் அட் ஒன்' என்றே வரும்.

நிறைவு இறந்தகாலமும் நிறைவு எதிர்காலமும்

கடந்தகாலத்தில் நிகழ்ந்த இரு செயல்களுள் முந்தியதைக் காட்ட நிறைவு இறந்தகாலம் உதவும். 'நாங்கள் நிலையத்தை அடைந்தபோது தொடர்வண்டி புறப்பட்டிருந்தது' என்பதனை 'வென் வீ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்' எனலாம். இதில் 'ஹேட் லெஃப்ட்' என்பதனை 'லெஃப்ட்' என மாற்றினால், நாங்கள் அடைந்த அதே வேளையில் வண்டி புறப்பட்டது எனப் பொருள்படும். வண்டியைக் கண்டோமா இல்லையா என்பதே மாறிவிடுகிறது. ஒரே ஒரு செயலைக் கூறும்போது காரணமின்றி 'ஹேட்' சேர்த்தல் வேண்டா. 'நேற்று அவரைப் பார்த்தேன்' என்பதற்கு 'ஐ ஸா ஹிம் எஸ்டர்டே' போதும்.

வருங்காலத்தில் ஒரு காலவரம்பிற்குள் முடியும் செயலை நிறைவு எதிர்காலம் காட்டும். 'மார்ச் மாதத்திற்குள் பாடங்களை முடித்திருப்போம்' என்பது 'வீ வில் ஹேவ் ஃபினிஷ்ட் த லெசன்ஸ் பை மார்ச்' என அமையும்.

ஒரே வடிவம், மூன்று பணிகள்

ஆங்கில எச்சவடிவம் நிறைவுக்காலத்தில் மட்டும் வருவதன்று. தமிழில் மூன்று வேறு அமைப்புகளால் நிகழும் பணிகளை ஆங்கிலம் இவ்வொரு வடிவத்தால் நிகழ்த்துகிறது.

'ஹி ஹேஸ் ப்ரோக்கன் த சேர்' – நாற்காலியை உடைத்திருக்கிறான் (வினையெச்சம் + துணைவினை)
'எ ப்ரோக்கன் சேர்' – உடைந்த நாற்காலி (பெயரெச்சம்)
'த சேர் வாஸ் ப்ரோக்கன் பை ஹிம்' – நாற்காலி அவனால் உடைக்கப்பட்டது (செயப்பாட்டுவினை)

ஆகவே, எச்சவடிவத்தைச் சரியாகக் கற்ற ஒருவர் மூன்று இடங்களில் பிழையைத் தவிர்க்கிறார்.

கடிதத்திற்குத் திரும்புவோம்

தொடக்கத்தில் கண்ட மாணவியின் கடிதத்தை இப்போது திருத்தலாம்.

'ஐ ஹேவ் ரிட்டன் டு யூ ட்வைஸ். மை ஃபாதர் வொர்க்ட் இன் அ மில் ஃபார் டுவென்டி இயர்ஸ். த மில் க்ளோஸ்ட் லாஸ்ட் இயர். ஹி ஹேஸ் நாட் ஃபவுண்ட் அனதர் ஜாப்.'

முதல் தொடரில் முற்றுக்கு மாறாக எச்சவடிவம் வந்தது. இரண்டாம் தொடரில் 'ஹேஸ்' நீங்கியது. தந்தையின் பணிக்காலம் முடிந்துபோனது என்பது தெளிவாயிற்று. மூன்றாம் தொடரில் 'சென்ற ஆண்டு' என்னும் காலச்சொல் இருப்பதால் இறந்தகால முற்று வந்தது. நான்காம் தொடரில் நிறைவு நிகழ்காலம் வந்தது. வேலை கிடைக்காத நிலை இன்றும் தொடர்வதை அது காட்டுகிறது. நான்கு தொடர்களில் இரண்டு முற்றால் முடிந்ததைச் சொல்கின்றன. இரண்டு நிறைவுக்காலத்தால் இன்றைய நிலையைச் சொல்கின்றன. கடிதம் இப்போது அக்குடும்பத்தின் உண்மையைச் சொல்கிறது.

வேற்றுமொழியில் பேசும்போது பிழை நேர்ந்துவிடுமோ என அஞ்சி வாய்திறவாத மாணவர் பலர். பிழை நேர்வது கற்றலின் இயல்பு, அதற்காக நாணவேண்டியதில்லை. பிழையின் காரணத்தை அறிந்தவர் அதனைத் தாமே திருத்திக்கொள்வர். 'போனேன் இருக்கிறேன்' என ஒருபோதும் சொல்லாத நாவு, 'ஹேவ் வென்ட்' எனச் சொல்லாமலிருக்கவும் பழகும். நாம் தமிழில் பெற்ற இலக்கண அறிவே அதற்கு முதலீடு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தாரின் பேச்சில் ஒரு நாளில் வரும் 'இரு', 'விடு' துணைவினைத் தொடர்களுள் பத்தினைத் தொகுத்து, அவற்றுள் ஆங்கிலத்தில் நிறைவுக்காலமாக அமையக்கூடியவை எவை என வகுப்பில் கலந்துரையாடுக.
2. முற்றும் எச்சமும் வேறுபட்ட சாயலில் அமையும் தமிழ்வினைகள் ஐந்தினைக் கண்டறிந்து பட்டியலிடுக.
3. உங்கள் ஊரில் சென்ற பத்தாண்டுகளில் நேர்ந்த மாற்றங்களைப் பற்றி முற்றும் நிறைவுக்காலமும் கலந்து எட்டு ஆங்கிலத் தொடர்கள் எழுதி, ஒவ்வொன்றிலும் அவ்வடிவம் வந்ததற்கான காரணத்தைத் தமிழில் குறிப்பிடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 'போனான் – போய்' என்னும் இணைக்கு நிகரான ஆங்கில இணை எது?
அ) கட் – கட்
ஆ) ப்ராட் – ப்ராட்
இ) வென்ட் – கான்
ஈ) வொர்க்ட் – வொர்க்ட்

2. 'நேற்று இரவு மழை பெய்திருக்கிறது' என்னும் தொடரில் 'இரு' உணர்த்தும் பொருள் எது?
அ) கட்டளை
ஆ) உய்த்துணர்வு
இ) எதிர்மறை
ஈ) வேண்டுகோள்

குறுவினா

1. வந்திருந்தாள் – பிரித்து எழுதி, எச்சத்தையும் துணைவினையையும் குறிப்பிடுக.
2. 'ஃபார்', 'ஸின்ஸ்' ஆகியவற்றை வேறுபடுத்த உதவும் தமிழ்ச்சொற்கள் யாவை?

சிறுவினா

1. 'ஹேஸ் கான் டு', 'ஹேஸ் பீன் டு' ஆகியவற்றின் பொருள்வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. ஒழுங்குவினைகளின் இறுதி ஒலி தமிழர் பேச்சில் மறைவதற்குத் தமிழ் எழுத்திலக்கணம் காட்டும் காரணத்தை எழுதுக.

நெடுவினா

1. வடிவப் பிழையினும் பொருட்பிழை மிகுந்த இழப்பைத் தரும் என்பதனை, பாடத்தில் இடம்பெற்ற கடிதத்தைக் கொண்டு நிறுவுக.